முதலாளி எம்.பி. ஆவது எப்படி?

சொத்து சேர்த்தாயிற்று. குதிரை, கார், கப்பல் எல்லாம் பார்த்தாயிற்று. இனி பாக்கி இருப்பது நாட்டுக்குச் சேவை ஒன்றுதான். தயங்காதீர்கள், முதலாளி. வழிகாட்ட ஆளில்லையே என்ற கவலையும் வேண்டாம். பெங்களூரு விஜய் மல்லையா இந்தப் பாதையில் முழுதும் நடந்து, மேடு எங்கே பள்ளம் எங்கே என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் ஒரு கட்சி வேண்டும். புதிதாகத் தொடங்காதீர்கள். அது சினிமாக்காரர்கள் செய்கிற வேலை. கொடிக்கு நிறம் தேடி, சின்னத்துக்கு அலைந்து, மாவட்டச் செயலாளர்களின் சண்டையைத் தீர்ப்பதற்குள் தேர்தலே முடிந்துவிடும். நலிந்த ஆலையை வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருக்குமே, அந்தக் கண்ணோடு பழைய கட்சியாகப் பாருங்கள். மல்லையாவுக்கு ஜனதா கட்சி அகப்பட்டது. 1977-ல் இந்திரா காந்தியையே வீட்டுக்கு அனுப்பிய கட்சி. 2003-ல் அவர் அதன் செயல் தலைவர் ஆனபோது மிச்சம் இருந்ததெல்லாம் பெயரும் தலைவர் சுப்பிரமணியன் சுவாமியும்தான். (1998-ல் மதுரைக்காரர்கள் மக்களவைக்கு அனுப்பிவைத்த அதே சுவாமி.)

அடுத்து, மண்ணின் மைந்தன் என்று நிரூபிக்க வேண்டும். கிராமம் கிராமமாகப் போனால் வேட்டி அழுக்காகும். ஏலத்துக்குப் போனால் ஆகாது. திப்பு சுல்தானின் வாளை லண்டன் ஏலத்தில் மல்லையா எடுத்தது 2003-ல். தான்தான் வாங்கினேன் என்று ஊருக்குச் சொன்னது 2004 ஏப்ரலில், கர்நாடகத்தில் தேர்தல் சூடு பிடித்திருந்தபோது. நீங்கள் கவனிக்க வேண்டியது விலையை அல்ல, தேதியை.

ஆனால் வாக்காளர் என்ற பிறவி கொஞ்சம் விசித்திரமானது. வாளைப் பார்த்து நெகிழ்ந்தார்கள், வாக்கை வேறெங்கோ போட்டார்கள். அந்தச் சட்டமன்றத் தேர்தலில் பாஜகவுக்கு 79, காங்கிரசுக்கு 65, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 58. ஜனதா கட்சிக்கு ஒன்றுமில்லை. வாள் ராசியில்லை என்று பின்னாளில் அதை யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும் செய்தி வந்தது.

மனம் உடையாதீர்கள். இத்தனைக்கும் அந்தத் தோல்வியின்போது மல்லையா ஏற்கெனவே எம்.பி. அதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. மக்களைத் தேடிப் போனால்தான் தோற்பீர்கள், அவர்களைச் சுற்றிக்கொண்டு போங்கள். கர்நாடகச் சட்டமன்ற உறுப்பினர்கள் 224 பேர். மாநிலங்களவையில் நான்கு இடம் காலியானால், நான்கோடு ஒன்றைக் கூட்டி 224-ஐ ஐந்தால் வகுங்கள். 44.8 வருகிறதா? ஆக, 45 பேர் போதும். ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக்கூட இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். பெரிய கட்சி தன் ஆட்களை ஜெயிக்க வைத்த பிறகு கையில் கொஞ்சம் வாக்கு மிஞ்சும். உபரி என்பார்கள். சின்னக் கட்சியிடம் 45 தேறாது. அங்கொரு மிச்சம், இங்கொரு மிச்சம். இரண்டையும் சேர்ப்பவர் சுயேச்சை. 2002-ல் காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் மல்லையாவைத் தூக்கிவிட்டன. 2010-ல் பாஜகவும் அதே ஜனதா தளமும். கொள்கை முரண்பாடா? அதெல்லாம் ஒரு கட்சியில் இருப்பவருக்குத்தான்.

2003-ல் சட்டத்தையும் உங்களுக்குத் தோதாகத் திருத்தியிருக்கிறார்கள். போட்டியிடும் மாநிலத்தின் வாக்காளராக நீங்கள் இருக்க வேண்டியதில்லை. நாட்டில் எங்காவது பட்டியலில் பெயர் இருந்தால் சரி. அதே திருத்தத்தில் ரகசிய வாக்கும் போயிற்று. கட்சி எம்.எல்.ஏ. தன் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். விலைபோவதைத் தடுக்கவாம். உச்ச நீதிமன்றமும் 2006-ல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் முதலாளிக்கு இது லாபம். 45 பேரிடம் தனித்தனியாகப் பேசுவதைவிடத் தலைவர் ஒருவரிடம் பேசுவது எளிதல்லவா?

உள்ளே போனதும் தூங்கிவிடாதீர்கள். குழுக்கள் இருக்கின்றன. 2005-ல் கிங்ஃபிஷர் விமானங்களைப் பறக்கவிட்டவர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆலோசனைக் குழுவிலும் உறுப்பினர். துறை அறிவு வீணாகக் கூடாதே! இடையிடையே தேசபக்தியும் வேண்டும். 2009-ல் நியூயார்க் ஏலத்தில் காந்தியின் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஆகியவற்றை 18 லட்சம் டாலருக்கு எடுத்தார் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவரின் சாப்பாட்டுத் தட்டைப் பீர் சாம்ராஜ்யத்தின் அதிபர் மீட்டார்.

கடைசியாக, வெளியேறும் வழி. எம்.பி.க்குத் தூதரகப் பாஸ்போர்ட் உண்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் கிங்ஃபிஷர் தரையிறங்கியது. வட்டியும் முதலுமாக வங்கிகள் கேட்டது சுமார் 9,000 கோடி ரூபாய். 2016 மார்ச் 2 அன்று மல்லையா லண்டனுக்குப் புறப்பட்டார். அடுத்த மாதமே பாஸ்போர்ட்டை முடக்கினார்கள். பதவிக்காலம் முடிய இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், மாநிலங்களவை நெறிமுறைக் குழு நடவடிக்கையில் இறங்க, அவர் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். கையெழுத்து அசல் இல்லை என்று அவைத்தலைவர் ஹமீது அன்சாரி அதை நிராகரித்தார். ஆகவே, முதலாளி, கோடிக்கணக்கில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அதே பேனாவால் ராஜினாமாவிலும் நேரில் போட்டுவிடுங்கள்.

கடனைத் திருப்பித் தருகிறேன் என்றுதான் அவர் சொல்லிவந்தார். இந்திய அரசோ, தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகளுக்கென்று 2018-ல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் அதன்கீழ் அறிவிக்கப்பட்ட முதல் ஆள் விஜய் மல்லையா. அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய அவைகளில் ஒன்று மாநிலங்களவை.