தொட்டிக்காரர்

மீன் வளர்ப்பவர் வேறு, தொட்டிக்காரர் வேறு. முன்னவர் மீனைப் பார்ப்பார். பின்னவர், நாம் மீனைப் பார்க்கிறோமா என்று பார்ப்பார். ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் பெண்ணாடத்து ஆசாமி சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தூங்கானை மாடக் கோயிலைச் சேவிக்க வந்த வெளியூர்க்காரர் வழி கேட்டால்கூட, "உள்ள வாங்க, ஒரு நிமிஷம்" என்று கூடத்துக்கு இழுத்துவிடுவார். அங்கே மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும்.

"அழகைப் பார்த்து மீன் வாங்கினவன் எவனும் உருப்பட்டதில்ல தம்பி." இதுதான் பிள்ளையார் சுழி. பிறகு, வாடகைக்கு ஆள் வைக்கிற வீட்டுக்காரர் போல விசாரணை தொடங்கும். எவ்வளவு வளரும்? என்ன சாப்பிடும்? குளிர்ந்த தண்ணியா, வெதுவெதுப்பா? எல்லாவற்றுக்கும் மேல், வாய் எவ்வளவு பெரிசு? வாய்க்குள் நுழைகிற அளவில் எது இருந்தாலும் அது தீனிதான் என்பது அவர் சட்டம்.

அனுபவத்தில் வந்த சட்டம் அது. எட்டணா அளவில் வாங்கிய ஏஞ்சல் ஆறே மாதத்தில் உள்ளங்கை அகலம் ஆயிற்று. பத்து நியான் டெட்ரா ஒருநாள் காலை எண்ணும்போது ஆறு. "ஏஞ்சல்னு பேர் வச்சவன் யாருய்யா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பைட்டர் மீனை ஒரே வாரத்தில் காலி செய்ய வைத்தார். அது கப்பியின் அகல வாலைப் பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று பாய்ந்ததாம். "தாய்லாந்துக்காரன் 2019-ல அதைத் தேசிய நீர்வாழ் உயிரினம்னு அறிவிச்சான். அங்கேயே மரியாதையா இருந்திருக்கலாம்."

டைகர் பார்ப் விஷயத்தில் மட்டும் குரல் தாழும். இரண்டு மூன்று வைத்தால் அடுத்தவன் வாலைக் கடிக்குமாம். எட்டுப் பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுமாம். "பங்காளிச் சண்டைக்கே நேரம் பத்தாது, ஊர் வம்புக்கு எங்க போறது?"

சென்னை போனால் தி.நகர் போகமாட்டார்; கொளத்தூர் மீன் கடைகளுக்குத்தான். ஆக்சிஜன் அடைத்த பைகளை மடியில் வைத்து ரயிலில் தூங்காமல் வருவார். வந்ததும் பையை அவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுவார், சூடு சமமாக. பிறகு தொட்டித் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராகப் பைக்குள் ஊற்றுவார். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுவார். பைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே விழக் கூடாது. "நான் வந்தன்னைக்கு நேரா அடுப்படிக்கு அனுப்பினாங்க" என்பார் அவர் மனைவி, யாரிடமும் சொல்லாதது போல.

ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. பாசி தின்னும் என்று கடைக்காரர் விரல் நீளத்தில் கொடுத்த சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து, செடியெல்லாம் பிடுங்கிப் போட்டது. வெள்ளாற்றில் விட்டுவிடலாமே என்றேன். மனிதர் கொதித்துவிட்டார். இப்படி ஆளாளுக்கு விட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகி, நாட்டு மீனுக்கு இடமில்லாமல், வலையையும் கிழிக்கிறது என்றார். உண்மைதான். அது இப்போது கொல்லையில் சிமெண்ட் தொட்டியில் தனிக்குடித்தனம்.

பக்கத்து வீடு அவர் தம்பி வீடு. நடுச்சுவர் யாருக்கு என்று விருத்தாசலம் கோர்ட்டில் வழக்கு. அண்ணன் தம்பி பேசி வருஷக்கணக்காகிறது. மீன் தொட்டி அந்தச் சுவரையொட்டித்தான் இருக்கிறது. வாய்தா அன்று இருவரும் ஒரே பஸ்ஸில், முன் சீட்டிலும் பின் சீட்டிலுமாகப் போவார்கள். அன்றைக்கு மீனுக்குத் தீனி போடுவது தம்பி மகன்தான்.