நாலு கம்பெனி, ஐந்து கணக்கு

காலை 9.15க்குப் பங்குச் சந்தை திறக்கிறது, 9.16க்கு நம்மவர் செல்போனைத் திறக்கிறார். மாலை 3.30 வரை அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. மூன்று செயலி, ஒரு எக்ஸல், மளிகை நோட்டின் கடைசிப் பக்கம் என ஐந்து இடத்தில் கணக்கு. ஐந்தும் ஐந்து தொகை சொல்லும். (பெரிய தொகை மனைவிக்கு.)

இத்தனைக்கும் எல்லா டீமேட் கணக்கையும் மியூச்சுவல் ஃபண்டையும் ஒரே அறிக்கையாகத் தொகுத்து, பரிவர்த்தனை நடந்த மாதமெல்லாம் பங்குகளை மின்னணு வடிவில் வைத்துக் காக்கும் என்எஸ்டிஎல்லோ சிடிஎஸ்எல்லோ இலவசமாக மின்னஞ்சலில் அனுப்புகிறது. பான் எண்ணைப் போட்டால் திறந்துகொள்ளும்.

“அதெல்லாம் போன மாசக் கடைசி விலை சார், பழைய சோறு” என்கிறார்.

அவர் வைத்திருப்பது நாலு கம்பெனிப் பங்கு. அதில் ஒன்றில் வர்த்தகத்தையே நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. அது மட்டும்தான் இறங்கவே இல்லையாம்.