பென் டென் மறுவருகையில் விடுபட்ட மூவர்: ஒரு திக்லிபூர்ப் பாடபேத ஆராய்ச்சி

இவ்வாய்வின் தேவையை ஐயுறுவோர் உளர். அவர்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இல்லை என்பதே அதற்குத் தக்க விடை. மேற்செல்வோம்.

2005-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தோன்றிய 'பென் டென்' தொடரின் பாட்டுடைத் தலைவன் பென் டென்னிசன். வயது பத்து. விண்ணிலிருந்து வந்து விழுந்த ஆம்னிட்ரிக்ஸ் என்னும் கடிகாரம் அவன் மணிக்கட்டைக் கவ்விக்கொள்கிறது. அதைத் தட்டினால் பத்து வேற்றுக்கிரகவாசிகளில் ஒருவனாக மாறுவான். பல வேளை அவன் நினைத்த ஆளாக அல்ல. அடுத்தடுத்த தொடர்களில் அவனுக்குப் பதினைந்தாயிற்று, பதினாறாயிற்று. 2016-இல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பத்து வயதிலிருந்து தொடங்கினார்கள். இதுவே மறுவருகை. மார்க்கண்டேயனுக்கே பதினாறில் நிற்கத்தான் வரம் கிடைத்தது. பின்னோக்கிப் போக எமனிடமும் ஏற்பாடு கிடையாது.

களம் ஏன் வட அந்தமானின் திக்லிபூர்? மறுவருகை என்றால் என்னவென்று அந்தமான்காரர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவாயிற்று. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரமாயிற்று. கப்பல் டிக்கெட் வரிசை மட்டும் மூலபாடத்தில் உள்ளபடியே நிற்கிறது.

ரசிகர் நால்வகையர்: பழையதை மட்டும் ஏற்போர், புதியதை மட்டும் ஏற்போர், இரண்டையும் பார்த்துவிட்டுத் திட்டுவோர், தாய்மார். நாலாம் வகையினரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரிமோட் அவர்களிடம் இருக்கிறது.

ஒளிபரப்பு நேரம் பற்றியும் ஒரு குறிப்பு. இந்தியா முழுமைக்கும் ஒரே மணி என்பதால், டிசம்பரில் வட அந்தமானில் ஐந்து மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். சென்னைப் பிள்ளை வெயிலில் பார்த்த சாயங்கால கார்ட்டூனைத் திக்லிபூர்ப் பிள்ளை விளக்கு வைத்த பின் பார்த்தது. பதின்மரில் பேயுருவான கோஸ்ட்ஃபிரீக் இங்கே கூடுதலாகப் பயமுறுத்தியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மேலும், தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்யும் ஊர் இது. மழை வலுத்தால் கூரைமேல் உள்ள டிடிஹெச் தட்டுக்குச் சிக்னல் எட்டாது. பென் கடிகாரத்தை ஓங்கித் தட்டுவான், பச்சை ஒளி பாயும், அத்தோடு திரை கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். யாராக மாறினான்? சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிள் 2020-இல்தான் அந்தமானை எட்டியது. அதுவும் ரங்கத்தோடு நின்றது, திக்லிபூர் அதற்கும் வடக்கே. ஆகவே போனில் தேடிப் பார்த்து ஐயம் தீர்க்கும் வழி வெகுகாலம் இல்லை. ஏடு செல்லரித்த அவ்விடங்களையெல்லாம் மறுநாள் பள்ளியில் உரையாசிரியர்கள் இட்டு நிரப்பினர் (காண்க: கணக்கு நோட்டு, பின்னட்டை).

இனி ஆய்வின் உயிர்நிலை. பழைய பதின்மரில் வைல்ட்மட், ரிப்ஜாஸ், கோஸ்ட்ஃபிரீக் ஆகிய மூவரும் 2016-இன் தொடக்கப் பட்டியலில் இல்லை. அவர்கள் இடத்தில் வைல்ட்வைன், கேனன்போல்ட், ஓவர்ஃப்ளோ. இது இடைச்செருகலே என்பது பெருவழக்கு. சங்க நூலான பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அங்கே தொலைந்தது இரண்டு, இங்கே மூன்று. தொலைந்தது மிகுந்தால் தொன்மையும் மிகும் என்பது நம் கருத்தரங்குகளில் வெகுகாலமாக நிலைபெற்ற விதி. எனவே பென் டென் சங்க காலத்துக்கும் முந்தியது. மறுப்போர் தம் பதவி உயர்வுக் கட்டுரைகளை முதலில் திரும்பப் பெறுக.

மூவரும் எங்கே போனார்கள்? ரிப்ஜாஸ் கடல்வாசி, தண்ணீரை விட்டு வெளியே வந்தால் காய்ந்துபோவான். அவனை நீக்கிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் ஓவர்ஃப்ளோவை அமர்த்தியதைத் தீவுவாசிகள் தம்மேல் விழுந்த அடியாகவே கொள்கின்றனர். மீனைத் தூக்கிவிட்டுக் குழாயை வைத்த கதை. அவன் காளிபூர்க் கரையில் இருக்கிறான் என்பது கடைசி பெஞ்ச் மரபு. நால்வகை ஆமைகள் முட்டையிட வரும் கரை, ஐந்தாவதாக ஒருவன் படுத்திருந்தால் யார் எண்ணப்போகிறார்கள் (காண்க: பெஞ்சுப் பலகை, காம்பஸ் முனையால் பொறித்தது, மூன்றாம் வரி, மேலே பின்னாளில் யாரோ செதுக்கிய இதயக்குறி பாடத்தைச் சிதைத்துள்ளது).

கண்ணே இல்லாத, மோப்பத்தால் வாழும் வைல்ட்மட், 732 மீட்டர் உயரச் சேடில் பீக்கில் ஏறிவிட்டான் என்பர். பார்வையற்றவனுக்குச் சிகரம் எதற்கு என்னும் தடைக்கு விடை: அந்தமானிலேயே உயர்ந்த இடம், வாசனை தடையின்றி வரும் (காண்க: பிஸ்கட் உறையின் உட்புறப் பென்சில் உரை. இது ஏரியல் பே படகுத்துறையில் எறும்புகளால் மறுபதிப்பானது. பதிப்பாசிரியர்கள் தமக்கு இனித்த பகுதிகளை எடுத்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் வாசகருக்கு விட்டனர், இவ்வழக்கம் எறும்புகளுக்கு மட்டும் உரியதன்று). கோஸ்ட்ஃபிரீக் பழைய தொடரிலேயே கடிகாரத்திலிருந்து தப்பி ஓடியவன். ஆல்ஃபிரட் குகையில் உழவாரக் குருவிகளோடு குடியிருப்பதாகக் கேள்வி. உள்ளே போய்ச் சரிபார்க்க எவரும் முன்வரவில்லை. இந்த அளவில் இது பல்கலைக்கழகத் தரத்தை எட்டிவிட்டது.

பழையதும் புதியதும் ஒரே கதையா, இரண்டா? ராஸ், ஸ்மித் என்னும் இரட்டைத் தீவுகள் போலத்தான் என்கிறது உள்ளூர்க் கொள்கை: வற்றத்தில் மணல்திட்டு வெளித்தெரிய ஒன்று, ஏற்றத்தில் இரண்டு. (இந்த ராஸைத் தலைநகருக்கு எதிரேயுள்ள ராஸாக எண்ணிக்கொண்டு அங்கே மணல்திட்டைத் தேடும் அறிஞர் திரும்பும் படகைத் தவறவிடாதிருப்பாராக.)

முதன்மைத் தகவலாளி, கடைத்தெருவில் போன் பழுதுபார்க்கும் இளைஞர். மேசை இழுப்பறையில் ஸ்குரூ டிரைவர்களுக்கு நடுவே ஒரு பொம்மை ஆம்னிட்ரிக்ஸ் இன்னும் கிடக்கிறது. பட்டை அறுந்துவிட்டது. அமுக்கினால் சுவரில் மங்கலான பச்சை வட்டம் விழுகிறது. அதற்குள் யார் என்று தெரியவில்லை, நான்கு கை இருப்பதுபோல் படுகிறது.

"புதுசு வேஸ்ட் அண்ணா," என்றார். "படம் வரைஞ்சதே சரியில்ல. ஒரு கதை பதினோரு நிமிஷத்துல முடிஞ்சுடுது."

எத்தனை பகுதி பார்த்தீர்கள் என்றேன்.

"எல்லாமும். முழுசாப் பாக்காம எப்படிண்ணா குறை சொல்றது?"

இம்முறையியல் ஆய்வுலகுக்குப் புதிது. வாய்மொழித் தேர்வில் இதை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.