மீதிச் சில்லறையின் மெய்ப்பொருள்: கல்லாவி மெஸ் முதல் சொகுசுக் கப்பல் வரை டிப்ஸ் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபின், சோம்புத் தட்டோடு வரும் மீதிக் காசில் எவ்வளவை எடுத்துக்கொள்வது, எவ்வளவை விட்டுவிட்டு எழுவது என்னும் சிக்கல் தமிழாய்வுலகில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. விருந்தோம்பல் பற்றி ஆய்வேடுகள் வண்டி வண்டியாக வந்துவிட்டன. விருந்தைப் பரிமாறியவர் கையில் என்ன மிஞ்சியது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடனடிக் காரணமும் ஒன்று உண்டு. கல்லாவியில் கம்பி, சிமெண்ட் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர், டீலர்களுக்கான சுற்றுலாவில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறவிருந்தார். பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போன் செய்தார். "மாப்ள, கப்பல்ல சோறு போடறவருக்கு எவ்ளோ வெக்கணும்?"

"தெரியாது மாமா" என்று சொல்வது எளிது. ஆனால் படித்தவன் என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. எனவே ஆய்வு தொடங்கியது.

2. ஆய்வு எல்லை

கல்லாவி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்தது. ரயில் வேண்டுமானால் சாமல்பட்டிக்குப் போகலாம். கடல் வேண்டுமானால் மாநிலத்தின் மறுகோடிக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும் தண்ணீர் ஊத்தங்கரை பாம்பாறு அணை. அதில் கப்பல் விட இதுவரை யாரும் முன்வரவில்லை. ஆகவே கப்பல் டிப்ஸை ஆராய இவ்வூர் தகுதியற்றது என்று சிலர் வாதிடலாம். மாறாக, கப்பலைப் பாராத கண்ணுக்கே அதன் விநோதம் முழுதாகத் தெரியும் என்பது என் நிலைப்பாடு.

போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள், மாங்காய் வியாபாரிகள் எனப் பலதரப்பட்டவர்கள் சாப்பிடும் மெஸ்களும் புரோட்டா கடைகளும் இவ்வாய்வின் களம். மேற்கே கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வரையும், கிழக்கே வங்காள விரிகுடா வரையும் எல்லை நீட்டிக்கப்பட்டுள்ளது.

3. முன்னோர் கருத்துகள்

திருவள்ளுவர் 22ஆம் அதிகாரத்தில் ஒப்புரவறிதலையும் 23இல் ஈகையையும் வைத்தார். பிறகு வெகுதூரம் தள்ளி 106இல் இரவு, 107இல் இரவச்சம். டிப்ஸ் எந்த அதிகாரத்தில் அடங்கும் என்பதே முதல் குழப்பம். கொடுப்பவர் தாம் 23இல் நிற்பதாக நினைக்கிறார். வாங்குபவர் 106க்கும் 107க்கும் நடுவே, தோளில் துண்டோடு நிற்கிறார்.

அமெரிக்கர்கள் இதைச் சட்டம் போட்டே ஒழிக்கப் பார்த்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909இல் டிப்ஸைத் தடைசெய்து, 1913இல் தடையைத் திரும்பப் பெற்றது. வில்லியம் ஸ்காட் என்பவர் 1916இல் டிப்ஸுக்கு எதிராக ஒரு புத்தகமே எழுதினார். விளைவு? டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்னும் மத்திய விதி 1991 முதல் அங்கே அசையாமல் நிற்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கு ஏற்படும் பள்ளத்தைச் சாப்பிட வருபவர் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால்தான் முதலாளி கைவைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் அறிஞர் பெருமக்கள் சும்மா இருக்கவில்லை. கார்டில் வரும் டிப்ஸை ஓட்டல் நிர்வாகம் வாங்கிப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது, நிர்வாகம் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஐ.டி.சி. வழக்கில் சொன்னது. பில்லில் தானாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இவற்றைத் தொகுத்தால் கிடைக்கும் சித்திரம் விசித்திரமானது. முதலாளிக்கு டிப்ஸ் என்பது சம்பளம் அல்ல. வாடிக்கையாளருக்கு அது கடன் அல்ல. சட்டத்துக்கு அது கட்டாயம் அல்ல. ஆனால் சர்வரின் வீட்டு வாடகை அதை நம்பித்தான் இருக்கிறது.

4. வகைப்பாடு

டிப்ஸ் நான்கு வகைப்படும்.

சில்லறை வகை: மீதி வந்ததால் வைக்கப்படுவது. மீதி வராவிட்டால் வைக்கப்படாது. இதில் வள்ளன்மைக்கு வேலை இல்லை, கணக்குக்குத்தான் வேலை.

கௌரவ வகை: சம்பந்தி வீட்டார், புதுமாப்பிள்ளை, மேலதிகாரி ஆகியோர் உடனிருக்கும்போது வைக்கப்படுவது. அதே மனிதர் மறுநாள் தனியாக வந்தால் பழைய வகைக்குத் திரும்பிவிடுவார்.

முன்பண வகை: கல்யாண மண்டபத்தில் பந்தி ஆரம்பிக்கும் முன்பே பரிமாறுபவர் கையில் திணிக்கப்படுவது. அந்த வரிசைக்கு மட்டும் பாயசம் மறுமுறை வரும்.

எதிர்த்திசை வகை: நெடுஞ்சாலை ஓட்டல்களில் பேருந்து நின்றால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் தனி மேஜை. பில் கிடையாது. பயணிகளைக் கொண்டுவந்து இறக்கியதற்காக ஓட்டல் அவர்களுக்கு வைக்கும் டிப்ஸ் இது. அதன் செலவு நம் தோசை விலையில் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கிறது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

5. களஆய்வு: தட்டின் மேல் நடப்பவை

நால்வர் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டு, பில் 880 ரூபாய் ஆனதாகக் கொள்வோம். ஆயிரம் கொடுத்தால் மீதி 120. இதை ஒரு நூறும் ஓர் இருபதுமாகக் கொடுப்பவர் அனுபவமற்ற கல்லாக்காரர். இருபது ரூபாய் விடுவதற்குக் கொஞ்சம் பெரிது. எனவே அது பைக்குள் போய்விடும். கைதேர்ந்தவர் ஒரு நூறும் இரண்டு பத்துமாக அனுப்புவார். ஒரு பத்து உன்னுடையது, ஒரு பத்து அவனுடையது என்று தட்டே பாகப்பிரிவினை செய்துவிடுகிறது.

அப்போது சர்வர் எங்கே இருப்பார்? அடுத்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது ஏற்கெனவே துடைத்த மேஜை. வாடிக்கையாளர் முதலில் நூறை எடுப்பார். பிறகு சோம்பை எடுப்பார். இது யோசிக்க அவகாசம் வாங்கும் உத்தி. சோம்பை மென்றுகொண்டே ஒரு பத்தை எடுப்பார். மற்றொரு பத்தின் மேல் விரல் நிற்கும். அதை விட்டுவிட்டால் தட்டைத் திறந்தபடி வைத்துவிட்டு நிமிர்ந்து நடப்பார். அதையும் எடுத்துக்கொண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைத் தேடிப் போட்டால், பில்லைக் கவிழ்த்து அதன் மேல் மூடிவிட்டுச் சற்று வேகமாக நடப்பார். தொகை குறையக் குறைய வேகம் கூடும் என்பது இவ்வாய்வு கண்ட முதல் விதி.

இரண்டாம் விதி: டிப்ஸ், சோறு வந்த வழியில் போவதில்லை. புரோட்டாவை அடித்தவர் மாஸ்டர். இலை எடுத்தவர் வேறொரு அக்கா. டம்ளர் கழுவியவரை நாம் பார்த்ததே இல்லை. காசு மட்டும் கடைசியாகத் தட்டுக் கொண்டுவந்தவரிடம் போகிறது. சில இடங்களில் இதற்காகக் கல்லாவில் ஓர் உண்டியல் வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பது தனி ஆய்வுக்குரியது.

6. அத்திப்பள்ளிக் கோட்பாடு

ஓசூரைத் தாண்டி, ஜூஜுவாடி கடந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் பலகைகளின் மொழி மாறுவது எல்லோருக்கும் தெரியும். டிப்ஸ் மாறுவதைக் கவனித்தவர் குறைவு. பெங்களூரின் தர்ஷினி முறை 1983இல் ஜெயநகரில் பிறந்தது. முதலில் காசு, பிறகு டோக்கன்; நீயே வாங்கிக்கொள், நின்றுகொண்டே சாப்பிடு. 'கையில காசு, வாயில தோசை' என்னும் நம் பழமொழியை ஒரு வியாபார முறையாகவே மாற்றிக் காட்டியவர்கள் அவர்கள்.

அங்கே பரிமாறுபவர் இல்லை. சோம்புத் தட்டு இல்லை. எனவே தர்மசங்கடமும் இல்லை. டிப்ஸ் பிரச்சினையைத் தர்ஷினி தீர்த்த விதம் எளியது: வாங்கும் கையையே நீக்கிவிட்டது. இம்முறை இப்போது ஓசூருக்கும் வந்துவிட்டது. தெற்கே கல்லாவி இன்னும் உட்கார்ந்து, இலை போட்டு, "கொஞ்சம் ரசம் ஊத்துப்பா" என்று கேட்டுச் சாப்பிடும் நாகரிகத்தில்தான் இருக்கிறது.

7. கப்பல்

2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் கட்டப்பட்ட பழைய கப்பல். அடுத்த ஆண்டு அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு இதே சென்னையிலிருந்து ரஜுலா கப்பல் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களைச் சுமந்தது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களுக்கு, யாருக்கு எவ்வளவு வைப்பது என்னும் கவலை வந்திருக்க வாய்ப்பில்லை. கவலையும் வகுப்புக்கேற்ப வழங்கப்படுகிறது.

இன்றைய பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனங்கள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. ஆளுக்கு, நாளுக்கு, ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் என்று அவர்களே கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். சாப்பாட்டறைப் பணியாளர், அறையைச் சுத்தம் செய்பவர் என அது பலருக்கும் பிரிக்கப்படும். வேண்டாம் என்றால் வரவேற்பு மேஜையில் போய்ச் சொல்லி நீக்கிக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர்கள் காதுபட, "சோறு போட்டவருக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019இல் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தினசரி டிப்ஸை எடுத்துவிட்டது.

மாமா திரும்பி வந்ததும் கப்பல் அனுபவத்தைக் கேட்டேன். கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பில்லே வரல மாப்ள. எல்லாம் கம்பெனி கட்டிட்டான். பில்லு வராத எடத்துல எப்படி டிப்ஸ் வெக்கறது?" என்றார்.

மூன்று நூலகங்கள் தராத கருதுகோளை ஒரு சிமெண்ட் வியாபாரி தந்துவிட்டார். டிப்ஸ் பிறப்பது மனத்தில் அல்ல, மீதியில். பில் இல்லையேல் மீதி இல்லை. மீதி இல்லையேல் ஈகை இல்லை.

8. முடிவுகள்

இக்கருதுகோளைக் கல்லாவிக்குப் பொருத்திப் பார்த்தால் அச்சம் தரும் முடிவு கிடைக்கிறது. 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. இன்று டீக்கடை வரை வந்துவிட்டது. பில் 880 என்றால் 880தான் போகிறது. கல்லாவில் இருக்கும் ஒலிப்பெட்டி அதை ஊருக்கே கேட்கும்படி சொல்கிறது. இரண்டு பத்தாக மாற்றி அனுப்பும் கல்லாக்காரரின் கலை ஒரே வீச்சில் காலாவதியாகிவிட்டது. சோம்புத் தட்டு இப்போது வெறும் சோம்போடு வருகிறது. சர்வரின் நம்பருக்குத் தனியாகப் பத்து ரூபாய் அனுப்பலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டில் விட்ட பத்து ரூபாய் மறந்துபோகும். போனில் அனுப்பிய பத்து ரூபாய் நம் பெயரோடு நிரந்தரமாகப் பதிவாகும். அவ்வளவு சிறிய கொடைக்குச் சாட்சி வைக்க யாரும் விரும்புவதில்லை.

ஆக, சில்லறை செத்துப்போன மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்திருக்கிறது. தர்ஷினி சர்வரை எடுத்துவிட்டது. கப்பல் டிப்ஸைப் பில்லுக்குள் தள்ளிவிட்டது. கல்லாவியில் சர்வரும் இருக்கிறார், வேலையும் இருக்கிறது, டிப்ஸ் மட்டும் போய்விட்டது. மிச்சமான பத்து ரூபாய் நம் கணக்கில் இருக்கிறது. நட்டம் அவர் கணக்கில். சம்பளம் கொடுக்க வேண்டியவர் முதலாளிதான் என்பது மறுக்க முடியாத வாதம். அந்த வாதத்தைப் பேசி முடிக்கும் வரை அவர் வாடகை காத்திருக்காது என்பதும் மறுக்க முடியாதது.

9. பரிந்துரைகள்

அ) போனில் பணம் கட்டுபவர்கள் சட்டைப் பையில் சில பத்து ரூபாய் நோட்டுகளைத் தனியே வைத்திருக்க வேண்டும்.

ஆ) காசைக் கையில் கொடுக்க வேண்டும். பில்லால் மூடக் கூடாது.

இ) இலை எடுக்கும் அக்காவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஈ) கப்பலில் போகிறவர்கள் கணக்கில் ஏறிய டிப்ஸை நீக்கச் சொல்லி வரிசையில் நிற்க வேண்டாம். அந்த நேரத்தில் கடலையாவது பார்க்கலாம்.

இம்முடிவுகளைக் கேட்ட மாமா, "சரி மாப்ள, நீ வாங்கின கம்பி, சிமெண்டுக்கு நான் மீதி கொடுக்கறப்ப, லோடு எறக்கற பையனுக்கு நீ எவ்ளோ வெச்ச?" என்று கேட்டார். அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.