இலவச ஐஸ் தண்ணீர்

கோடை விடுமுறை முடிந்ததும் அமெரிக்காவாழ் நண்பர்களிடமிருந்து கணக்கு வரத் தொடங்கிவிடுகிறது. பத்து நாள், ஆறு மாநிலம், நாலு நேஷனல் பார்க், மூவாயிரம் மைல். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், எத்தனை மைல் ஓட்டினோம் என்று பதில் வருகிறது. போன வாரமும் வந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. முதலில் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சாலையில் போகிறவர் ஊரைப் பார்க்க முடியாது. அவர் மேல் தப்பில்லை, அதைக் கட்டியதே அதற்காகத்தான். 1919-ல் ஒரு ராணுவ வாகன அணி வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. வழியெல்லாம் சேறு, உடைந்த பாலம். அந்த அணியில் போன இளம் அதிகாரி ஐசன்ஹோவர், 1956-ல் ஜனாதிபதியாக இருந்து இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் ஊரின் சேற்றையும் மிதித்த மனிதர், இனி யாரும் எந்த ஊரையும் மிதிக்க வேண்டியதில்லை என்று ஏற்பாடு செய்துவிட்டார். சிக்னல் இல்லை, கடைவீதி இல்லை. ஒவ்வொரு எக்ஸிட்டுக்கு முன்னாலும் ஒரு நீலப் பலகை. அதில் அதே பர்கர் கடைகள், அதே பெட்ரோல் பங்குகள். ஒஹையோவில் தூங்கி அயோவாவில் கண் விழிப்பவருக்கு நடுவில் இரண்டு மாநிலம் போனதே தெரியாது.

இந்த வெறுமையை முதலில் புரிந்துகொண்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர். தெற்கு டகோட்டாவில் வால் என்றொரு சின்ன ஊர். 1931-ல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், டெட் ஹஸ்டெட் என்பவர் அங்கே மருந்துக்கடை வாங்கினார். ஈ ஓட்டினார். 1936 கோடையில் மனைவி டாரதி ஒரு யோசனை சொன்னார்: வெயிலில் காரில் போகிறவர்களுக்கு வேண்டியது தண்ணீர், ‘ஐஸ் தண்ணீர் இலவசம்’ என்று சாலையோரம் பலகை வையுங்கள். வைத்தார். கூட்டம் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நாமும் விட்டிருக்கலாம். இன்று ஐ-90 நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவரை நூற்றுக்கணக்கான மைலுக்கு முன்பிருந்தே பலகை துரத்துகிறது. ஐந்து சென்ட் காபி என்கிறது ஒன்று. டோனட் என்கிறது அடுத்தது. டைனோசர் என்கிறது மூன்றாவது. பிறகு கொஞ்ச தூரம் புல்வெளி. மறந்துவிட்டார்களோ என்று நினைப்பதற்குள் மறுபடி ஐஸ் தண்ணீர். அங்கே வேக வரம்பு 80 மைல். அந்த வேகத்தில் போனாலும் மணிக்கணக்கில் பலகை தீர்வதில்லை. முதல் மணி நேரம் சிரிக்கிறார்கள். இரண்டாவது மணியில் பலகை எண்ணுகிறார்கள். மூன்றாவது மணியில், மருந்துக்கடைக்கெல்லாம் போவோமா என்று இதுவரை ஏளனம் செய்த மாமாவுக்கே தொண்டை வறள்கிறது. எக்ஸிட் அருகில் எண்பது அடி டைனோசர் நிற்கும்போது இண்டிகேட்டர் தானாக விழுகிறது. உள்ளே போனால் முயல் உடம்பில் மான்கொம்பு வைத்த பொம்மை, கௌபாய் பூட்ஸ், சாப்பாட்டுக் கூடம், ஒரு தெருவையே விழுங்கிய கடை. ஐஸ் தண்ணீர் மட்டும் சொன்னபடி இலவசம். காபியும் சொன்ன விலைதான். அந்தப் பாதையில் சொன்னது சொன்னபடி கிடைக்கும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாலை வேறு, காடு வேறு. யெல்லோஸ்டோனையும் மருந்துக்கடையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பார்கள். 1872-ல் உருவான அந்தப் பூங்காவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போகிற விதத்தைத்தான் சொல்கிறேன். ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக்கு உரிய மேம்பாலம், கடல் போல் பார்க்கிங். அடுத்து எப்போது பொங்கும் என்று நேரம் எழுதி வைத்திருக்கிறார்கள், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம் என்ற குறிப்போடு. ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை. பெஞ்சில் இடம் பிடித்துக் காத்திருந்து, நூறடிக்கு மேல் வெந்நீர் எழும்போது எல்லோரும் போன் திரையைப் பார்க்கிறார்கள். நீர் இறங்குவதற்குள் கார் சாவி கைக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் இருட்டுவதற்குள் அடுத்த பார்க்.

இதெல்லாம் பொறாமை என்று ஒரு தரப்பு சொல்லும். ஆமாம், பாதிக்கு மேல் பொறாமைதான். பொறாமைக்காரன் சொன்னதாலேயே வாதம் பொய்யாகிவிடாது. இன்னொரு தரப்பு, பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்வார்கள் என்கிறது. தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. ரஷ்மோர் மலையில் நான்கு ஜனாதிபதிகளின் அறுபதடி முகங்களை 1927 முதல் 1941 வரை செதுக்கினார்கள். அந்த மலை இருக்கும் கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) லகோட்டா பழங்குடி மக்களுக்கே என்று 1868-ல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள்; அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்கிறார்கள் லகோட்டாக்கள், இன்றுவரை. பயணத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கிய நேரம், பார்க்கிங் தேடுவதையும் சேர்த்து, முக்கால் மணி. பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்கள். வெந்நீர் ஊற்றுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்; மருந்துக்கடைக் கொல்லையில் இருக்கும் இயந்திர டைனோசர் சில நிமிடத்துக்கொருமுறை கர்ஜிக்கிறது.