இரு நிறக் கல்

கேள்வி: பகலில் பச்சை, விளக்கொளியில் சிவப்பு. ஒரே கல்லுக்கு இரண்டு நிறமா?

பதில்: அலாக்டைட் படிகங்கள் சிலவற்றுக்கு அந்த ஆற்றல் உண்டு. இது மாங்கனீசு ஆர்சனேட் வகைக் கனிமம். ஏழு மாங்கனீசு அணுக்களுக்கு இரண்டு ஆர்சனேட் தொகுதிகள், எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் என்பது இதன் கணக்கு. ஸ்வீடனின் வேர்ம்லாந்து மாகாணத்தில், நோர்ட்மார்க் பகுதியின் மோஸ் சுரங்கத்திலிருந்து 1884இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

பெரும்பாலும் பழுப்புச் சிவப்பாகத்தான் கிடைக்கும். தெளிந்த படிகத்தை ஒரு பக்கமாகப் பார்த்தால் இரத்தச் சிவப்பு; திருப்பினால் வெளிர் மஞ்சள்; இன்னும் திருப்பினால் கடற்பச்சை. படிகத்துக்குள் ஒளி செல்லும் திசைக்கேற்ப உறிஞ்சப்படும் நிறம் மாறுவதே காரணம். பகல் வெளிச்சத்தில் நீல, பச்சைக் கதிர்கள் தாராளம்; இழை பல்பில் சிவப்பே மிகுதி. அதனால் விளக்கு மாறினாலும் நிறம் மாறுகிறது. அலெக்சாண்டிரைட் என்னும் ரத்தினக்கல்லின் புகழும் இந்தக் குணத்தால் வந்ததே.

மோதிரத்தில் பதிக்க ஆசை வேண்டாம். மோஸ் அளவுகோலில் கடினம் ஏறத்தாழ 4.5 தான், எஃகுக் கத்தி கீறிவிடும். நீரைப்போல் 3.8 மடங்கு அடர்த்தி. உள்ளே ஆர்சனிக் இருப்பதால் தொட்டபின் கை கழுவுவது நல்லது.

உருமாற்றமடைந்த மாங்கனீசுப் படிவுகளின் பிளவுகளில் சுடுநீர்க் கரைசல்கள் பாய்ந்த இடங்களே இதன் பிறப்பிடம். ஸ்வீடனின் லோங்பான், அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஃபிராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் ஆகியவை பேர்போன இடங்கள். ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது.