குண்டுக்கு அசையாத கூரை

எழுபதுகளில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோப்புகளை மேசையில் அப்படியே விட்டுவிட்டு, கோட்டைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தால் புனித மரியாள் ஆலயம். யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்டதில்லை. பிரம்பு பின்னிய இருக்கையில் சற்று நேரம் சாய்ந்துகொள்ளலாம். சித்திரை வெயில் வெளியே கொளுத்தும்போதும் உள்ளே அந்தச் சுவர்கள் ஒரு தனிப் பருவத்தை வைத்திருந்தன. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோயில் மண்டபமோ தர்காத் திண்ணையோ உங்களுக்கு நிழல் தந்திருக்கும்.

திருநெல்வேலிச் சீமையில் ஓட்டுக்கூரைக் கோயிலில் ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்த எனக்கு, இந்தியாவிலேயே பழைய ஆங்கிலிகன் ஆலயம் என்று கேள்விப்பட்டதும், காலண்டர் படத்தில் பார்த்த சீமை ஆலயங்கள்போல வானத்தைத் தொடும் கூரை வளைவுகளைக் காணலாம் என்ற ஆசை இருந்தது. கண்டதோ தடித்த தூண்களும், நீளவாக்கில் மூன்று வில் வளைவுக் கூரைகளும்தான். அதன் அழகு பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் 1678-இல் இதைக் கட்டத் தொடங்கினார்; 1680 அக்டோபர் 28-ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் திரட்டிய 800-க்குச் சற்று மேற்பட்ட வராகன் பணத்தில் எழுந்த கட்டடம் இது. எந்நேரமும் பீரங்கிக் குண்டு வந்து விழலாம் என்ற பயத்தோடு கட்டியது என்பதால் வெளிச்சுவர் 4 அடி கனம், உட்சுவர் 3 அடி, கூரை 2 அடி. எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். தீப்பிடிக்கக் கூடாதென்று கூரையில் ஓர் உத்திரம்கூட வைக்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் நம் கொத்தனார்களின் வேலையை அன்று பளிங்கு என்றே பலர் நினைத்தார்கள். மணிக்கோபுரம் 1701-இல்தான் சேர்ந்தது. இன்று காணும் கூர்முனை 1795-இல் எழுந்தது. இடையில் முற்றுகைகள் வந்தபோது இதே ஆலயம் தானியக் கிடங்காகவும் சிப்பாய்கள் படுத்துறங்கும் கூடமாகவும் இருந்திருக்கிறது. ஜெபத்துக்குக் கட்டியது பசிக்கும் பயத்துக்கும் இடம் கொடுத்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி.

அந்நாளில் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முற்றத்தில் பாவிய கல்லறைக் கற்களை நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். “இப்படி ஊத்திட்டுப் படி தம்பி” என்று கல்லின்மேல் சாய்த்தார். வெயிலில் வெளிறிக் கிடந்த கருங்கல் கறுத்து, எழுத்துகளின் குழிகளில் தண்ணீர் தங்கி, ஒரு நொடியில் லத்தீன் வரிகள் எழுந்து வந்தன. பக்கத்துக் கல்லில் போர்த்துகீசியம், அதற்கப்பால் அர்மீனியம். எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் 1652-ஆம் ஆண்டைச் சொல்கிறது; இந்த ஆலயம் எழுவதற்கும் முந்திய கல் அது. தண்ணீர் காயக் காயப் பெயர்களும் மங்கும். அதற்குள் படித்துவிட வேண்டும் என்ற அந்த அவசரம்தான் எவ்வளவு இனிமை!

இந்தக் கற்கள் இங்கே பிறந்தவை அல்ல. இன்றைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758–59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துக் கோட்டையைச் சுட்டது. போர் முடிந்ததும் ஓரிரு கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இடித்து, எழுத்துக் கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். ஹைதர் அலி காலத்துப் போரில் இவற்றையே பெயர்த்தெடுத்துப் பீரங்கிகளுக்கு அடிக்கல்லாக்கி, பல ஆண்டு கழித்துத் திரும்பவும் பதித்தார்கள். செத்த பிறகும் இப்படிச் சேவகம் செய்தவர்கள் வேறெங்கும் இருந்தார்களோ என்னவோ.

1680-இல் எலிஹு யேலும், 1753-இல் ராபர்ட் கிளைவும் மணம் முடித்தது இந்த ஆலயத்தில்தான். தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரையில் நாம் தினமும் காணும் தாமஸ் மன்றோ இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். எங்கள் பக்கத்தவர் எவரும் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சின்னத்தின் முன் நிற்காமல் போகமாட்டார். தஞ்சை மன்னர் சரபோஜி அவருக்கு அங்கே ஒன்று எழுப்பினார், கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒன்று வைத்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது ஆங்கிலிகன் என்ற பெயர் பழங்கதையாயிற்று, ஆலயம் நம்முடையதாயிற்று.

இப்போது போனால் கோட்டை வாசலிலேயே நிறுத்துவார்கள். பையைத் திறந்து காட்ட வேண்டும், அடையாள அட்டை வேண்டும், வரிசையில் நிற்கும் கார்களுக்கிடையே வழி தேட வேண்டும். காலத்தின் கட்டாயம், குறை சொல்ல மாட்டேன். அன்று கேட்பாரற்றுத் திறந்து கிடந்ததால் நான் உள்ளே போனேன். அதே காரணத்தால் எத்தனை எழுத்துகள் மிதிபட்டுத் தேய்ந்தன என்பதையும் பார்த்தவன் நான். இன்று காவல் இருக்கிறது, பராமரிப்பு இருக்கிறது. சும்மா வந்து உட்கார்ந்துபோகும் குமாஸ்தா மட்டும் இல்லை. பெற்றதும் இழந்ததும் ஒரே கதவு வழியாகத்தான் வந்துபோயிருக்கின்றன.

ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து போகாமலிருந்துவிடாதீர்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். சுவரின் கனத்தைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்துக் கற்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.